இருப்பு ஏடு

கிரீடத்தில் மின்னியது மாணிக்கம் அல்ல,
கண்ணாடி.
அசல் கற்கள் வெனிஸில் அடகில் கிடந்தன,
நூறு வருஷத்துக்கு மேல்.
வட்டி எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.
கருவூலக் கணக்கனுக்கு அது ஆகாத கேள்வி.

புதுத் தோல் வாங்கக் காசில்லை;
பழைய ஏட்டைச் சுரண்டி அதன்மேலேயே எழுதினோம்.
வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் தெரியும்:
கெர்சோனிலிருந்து உப்புமீன், எட்டு மரக்கலம்.
அதன்மேல் என் கையெழுத்து:
அவரை, பதினேழு மூட்டை.
தலைப்பு மட்டும் மாறவில்லை. ரோமப் பேரரசு.

அவரை மதிலுக்குள்ளேயே விளைந்தது.
கான்ஸ்டாண்டினோபிளில் அப்போது
வீடுகளைவிட வயல் அதிகம்.
யாரோ ஒரு பிரபுவின் பளிங்குத் தரையைப் பெயர்த்து
விதவை ஸாம்பியா வெங்காயம் நட்டிருந்தாள்.
“கல்லுக்கு அடியில் இவ்வளவு நல்ல மண்ணை
ஏன் ஒளித்து வைத்தார்கள், கணக்கரே?”
வரி போட மனசு வரவில்லை.
போட்டேன்.

வசந்தத்தில் சுல்தான் வந்தார்.
சிப்பாய்களுக்குக் கூலி கொடுக்க
கோயில் கோயிலாகத் தராசு தூக்கினேன்.
தூபக்கால், விளக்கு, தட்டு.
உருகி வந்த காசு நகத்தளவு.
பாதிரியார் லெயோந்தியோஸ் எல்லாம் தந்துவிட்டு
நற்கருணைக் கரண்டி ஒன்றை மட்டும்
கைக்குள் மூடிக்கொண்டார்.
அதை ஏட்டில் ஏற்றவில்லை.
முப்பது வருஷத்தில் என் முதல் திருட்டு.

பிறகு ஆட்களை எண்ணச் சொன்னார்கள்.
எங்கள் பேட்டையில் ஆயுதம் தூக்கக்கூடியவர்
நாற்பத்தொன்று, துறவிகளையும் சேர்த்து.
“வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு” என்றார் அதிகாரி.
வாங்கிப் படித்தார்.
விளக்கில் காட்டினார்.

பெரிய பீரங்கி சூடாறி மறுபடி முழங்க
ஒரு பொழுது ஆகும்.
அந்தப் பொழுதுக்குள் உடைப்பை அடைக்க வேண்டும்.
பீப்பாய், விறகு, மெத்தை, கல்லறைப் பலகை.
ஸாம்பியா தன் பாத்தியையே
கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினாள்.
சில கூடைகளில் தாள் பச்சையாகத் தலைநீட்டியது.

செவ்வாய்க்கிழமை.
அதைப் பற்றி எழுத என்னிடம் பத்தி இல்லை.

மத்தியானம் கயிற்றில் ஒன்பதாவது ஆள் நான்.
முன்னால் ஸாம்பியா. நகக்கண்ணில் இன்னும் மண்.
எங்களை எண்ணி வந்தவன் எதிர்னேக்காரன், சின்ன வயது;
என்னைப் போலவே நடுவிரலில் மைக்கறை.
அவன் எண்கள் எனக்குப் புரிந்தன,
சந்தையில் கேட்டுப் பழகியவைதான்.
ஸாம்பியாவின் அங்கி மடிப்புக்குள்
யாருடைய பிள்ளையோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.
அதை விட்டுவிட்டுத் தொகை போட்டான்.

தப்பு, ஒன்று குறைகிறது என்று
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
பழக்கம்.
வாயைப் பொத்தலாம் என்றால்
கை கட்டியிருந்தது.
உதட்டைக் கடித்துக்கொண்டு
ஸாம்பியாவின் முதுகைப் பார்த்தபடி நடந்தேன்.