பாதைக்கு இரண்டு நேரம்

எந்த மணிக்கூட்டை நம்புவது என்று கருவி கேட்கிறது:
உள்ளா, வெளியா.
வெளி என்று வைத்தேன்.
கல்லடியில், இந்த அறைக்குள் இருக்கிற எல்லாம்
ஒரு பெட்டியின் துடிப்புக்கே நடக்க வேண்டும்,
விநாடிக்கு நாற்பத்தெண்ணாயிரம் அடி.
கேபிள் முடிகிற இடத்தில் எழுபத்தைந்து ஓம் மூடி.
மறந்தால் துடிப்பு மோதித் திரும்பிவந்து
தன்னையே குழப்பும்.
செம்மஞ்சள் வெளிச்சம் மினுங்கி, மினுங்கி,
பச்சையில் நின்றது.

மறுகா பிரேம். இருபத்தைந்து.
வெளிநாட்டுக் கணக்கொன்று இருக்கிறது, நமக்கு வேண்டாம்:
பத்தாவதை விட்டு மற்ற ஒவ்வொரு நிமிடம் பிறக்கும்போதும்
இரண்டு எண்களைத் தாண்டி எண்ணுவார்கள்.
"படம் ஒன்றும் போகாது,
எண்கள் மட்டும்தான் காணாமற்போகும்"
என்று றிஸ்லானுக்குச் சொன்னேன்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.
அவன் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒரே பாதை ஆற்றைக் கடப்பதை
இரண்டு கரையிலும் நின்று பிடித்தோம்.
விடியவே இரண்டு றெக்கோடரையும் ஒரே கம்பியில் கட்டி
ஒரே நேரத்தை ஊட்டித்தான் பிரித்தது.
பின்னேரம் சேர்த்துப் பார்த்தால்
பாதையின் ஹோர்ன் ஒரு பிரேம் முந்திப் பிந்தி.
அது வெயில்.
பளிங்குக்கும் சூடு ஏறும்.

அம்பிளாந்துறையில் நேசம்மா:
"ஏழரைப் பாதையிலதான் தவநேசன் ஏறினவன்.
கை காட்டினதே நான்."

குருமண்வெளியில் பத்தக்குட்டியர்:
"ஏழரைப் பாதையில அவன் வரல்ல.
இறங்கின ஒவ்வொரு ஆளையும் கடையில இருந்து பார்த்தன்.
எட்டு மணிக்குச் சுற்றிவளைப்பு எண்டாங்க.
பூட்டிற்றுப் போயிற்றன், மறுகா நான் அங்க இல்ல."

இத்தனை வருடமாய்
அவளுக்கு அவர் பொய்யர்.
அவருக்கு அவள், பாவம்,
அழுது அழுது நேரம் தடுமாறினவள்.

விலகல் எவ்வளவு? திரையில் எட்டுப் பூச்சியம்.
கடைசிப் பூச்சியத்தை ஒன்றாக்கினால் வேலை முடிந்தது.
விரல் நிமிடக் கட்டத்தில் நின்றுவிட்டது.

தொண்ணூற்றெட்டு.
எழுவான்கரையில் புதிய நேரம்,
அரை மணி முன்னே தள்ளின நேரம்.
படுவான்கரை தள்ளவில்லை.
நடு ஆற்றில் சனம் முள்ளைத் திருப்பும்,
தயிர்ச்சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல்.
அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.
பிறகொரு சித்திரையில் மணிக்கூடுகள் ஒன்றாயின;
அந்த அரை மணியை யாரும் எடுத்து வைக்கவில்லை.

அவளின் ஏழரை, அவரின் எட்டு.
அவர் பார்த்தது முந்தின பாதை.
தவநேசனின் பாதை கரை தட்டியபோது
கடைக் கதவு இழுத்துக் கிடந்தது,
துறையில் நின்றவர்கள் வேறு ஆட்கள்.

"கீழ எழுத்துப் போடுவமா, பழைய நேரம் எண்டு?"
றிஸ்லான் கேட்கிறான்.
போடலாம்.
ஒரு பிரேமை நேராக்கினேன்.
முப்பது நிமிடத்தை அப்படியே விட்டேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறது கருவி:
வெளியிலிருந்து வரும் குறியீடு அறுந்துபோனால்
எத்தனை பிரேம் வரைக்கும்
வருவதாகவே நினைத்து ஓடட்டும்?
கடையில் வாங்கும்போதே எட்டு என்று இருந்தது.
அதற்கு மேல் போனால் நின்றுவிட வேண்டுமாம்.

கரண்ட் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாய் இருண்டன.
போனை எடுத்து அவளுடைய இலக்கத்தை அழுத்தினேன்.
என்ன சொல்வதென்று முடிவெடுக்கவில்லை,
பத்தக்குட்டியர் பொய் சொல்லவில்லை என்பதா,
உன் கையசைப்பு சரியான நேரத்துக்குத்தான் என்பதா.
அவளின் பக்கத்தில் சிக்னல் குறைவு,
குரல் ஒரு மூச்சுப் பிந்தித்தான் வருகிறது:

"ஆரு மனே,
இந்த நேரத்தில?"