தள்ளுவதும் விடுவதும்

பத்தொன்பது வருஷமாக என் வேலை பார்ப்பது.
பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி,
வெள்ளை உடுப்புக்குள் கண் மட்டும் வெளியே.
லென்ஸுக்கு அடியில்
நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்று போக ஒன்று வரும்.
கீறல். தூசு. விரிசல்.
தள்ளு. விடு. விடு. விடு. தள்ளு.

இங்கே தப்பு இரண்டு வகை.
நல்லதைத் தள்ளுவது, கெட்டதை விடுவது.
ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும்.
மெஷினுக்கும் அதே கதைதான்,
என்ன விலை கொடுத்து இறக்கினாலும்.

போன செவ்வாய் கேன்டீன் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது,
உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு.
நாற்பது தாண்டியவர்களுக்கு இலவசம்,
சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள்.
பாரம் நாலு மொழியில்.
தமிழில் அந்தச் சொல்லைப் பார்த்ததும்
காகிதத்தை மடித்துக்கொண்டேன்: மார்பகம்.
வாய்விட்டு நான் சொன்னதேயில்லை.
பிள்ளைக்குக் கொடுத்தது பால்,
வலித்தால் நெஞ்சு,
கடையில் வாங்குவது உள்ளுடுப்பு.
நடுவில் இருப்பதற்குப் பெயர் வைக்காமலே
நாற்பத்தேழு வயதாகிவிட்டது.

அன்றைக்கு லைன் முழுக்க இதே பேச்சு.
நோர்ஹாயாத்தியின் அக்காவுக்குச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள்,
இப்போது ரிலாவில் நாசி லெமாக் விற்கிறாள்.
பெய் சானின் அம்மாவுக்கு ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள்,
வெறும் நீர்க்கட்டி;
போன தூக்கம்தான் திரும்பவில்லை.
சுபாங்கினி சொன்னாள்: பார்த்தால்தானே பயம்?
சூப்பர்வைசர் பரமேஸ்
ஓவர்டைம் கேட்கும் அதே குரலில் கேட்டார்:
"நம்ம டிபார்ட்மென்ட் நூறு சதவீதம் வரணும்."
நூறு சதவீதம்.
எனக்கு அதுதான் உறுத்தியது.

லாரிக்குள் நல்ல குளிர்.
டாக்டர் பெயர் தீபலோசனி, சிரம்பான் பேச்சு.
"இங்கே கையெழுத்து, அக்கா."
நான் கேட்டேன்:
"உங்க மெஷின் எத்தனை நல்லதைத் தள்ளும்?
எத்தனை கெட்டதை விடும்?"

பேனாவை மூடினாள். என்னைப் பார்த்தாள்,
பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள்.
பிறகு பாரத்தைத் திருப்பிப் போட்டுக்
கோலத்துக்கு வைப்பதுபோல் புள்ளி வைத்தாள்.
"எல்லாரும் உங்க வயசு.
பலருக்கு ஒன்றுமில்லை, அப்படியே சொல்லி அனுப்புவோம்.
இவர்களைத் திரும்பக் கூப்பிடுவோம்,
பெரும்பாலோருக்கு பயந்ததுதான் மிச்சம்.
இந்த ஒருத்தி, நேரத்தோடு தெரிந்ததால் பிழைப்பாள்.
இவளுக்கு இருக்கிறது, படத்தில் தெரியாது.
இவளுக்கு..."
பேனா கொஞ்சம் நின்றது.
"தெரியும். வெட்டுவோம், மருந்து கொடுப்போம்.
விட்டிருந்தால் அது பாட்டுக்குக் கிடந்திருக்கும்."
"யார் எந்தப் புள்ளி?"
"முன்கூட்டியே எங்களுக்கும் தெரியாது, அக்கா."

பத்தொன்பது வருஷத்தில்
எந்த மெஷின்காரனும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

"ஆனால் கட்டி தட்டுப்பட்டாலோ தோல் சுருங்கினாலோ
அது வேறு கணக்கு.
லாரிக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது,
அன்றைக்கே வரணும்."
காகிதத்தை நீட்டினாள்.
"வெள்ளிவரை இருப்போம். யோசிச்சுச் சொல்லுங்க."

கம்பெனி பஸ் பாலமேறிப் பிறைப் பக்கம் திரும்பும்வரை
புள்ளிகள் என் மடியில் குலுங்கின.
என் சித்தி மூன்று வருஷம் முந்தானைக்குள் மறைத்தாள்.
வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.
பயந்து சாவது, வீணாக வெட்டுப்படுவது, விட்டுவிடுவது:
எந்தத் தப்போடு என்னால் தூங்க முடியும்?
அவர் கேட்டார், போனியா?
யோசிக்கிறேன் என்றேன்.
இதில் யோசிக்க என்ன இருக்கு என்றார்.
காகிதத்தைக் காட்டினேன்.
கண்ணாடி தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான் போனேன்.
தட்டு இறங்கி அழுத்தியது, வலித்தது,
மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன்.
முடிவு தபாலில் வரும்.
சுபாங்கினி போகவில்லை.
இந்த வருஷம் வேண்டாம் என்றாள்,
பார்க்காதே என்று சொன்ன குரல் இல்லை அது.
கேன்டீனில் அதே காகிதத்தை
இரண்டு பேரும் ஒரு மணி நேரம் படித்திருந்தோம்.
கறி மீ எண்ணெய் சொட்டி
ஒரு புள்ளி மட்டும் பெரிதாகிவிட்டது.
அது எந்த வரிசை என்று
அவளும் எண்ணினாள், நானும் எண்ணினேன்.