வாட் கணக்கு

மூன்று முறை அடித்தெழுதிய பட்டியல்.
பகலில் எனக்கு ஃபிளெக்ஸ் வேலை,
இரவில் ரெஜினுக்குத் துப்பாக்கிச் சண்டை.
நான் ராம் கூட்டினால்
அவனுடைய கிராபிக்ஸ் கார்டு இளைக்கிறது.

கண்ணாடிக் கேபினெட் கேட்டான், வானவில் விசிறி கேட்டான்.
குளச்சல் உப்புக்காற்று
ஜன்னல் கொண்டியையே தின்றதைக் காட்டினேன்.
வாயடைத்தான்.

நாகர்கோவில் கடைக்காரர் சொன்னார்:
"எதுல வேணாலும் மிச்சம் பிடியுங்க,
பவர் சப்ளையில மட்டும் பிடிக்காதீங்க."
அதற்காக வெட்டினோம்
என் இரண்டாவது திரையை, அவன் விசிறிகளை.

உயிர்வந்த முதல் இரவில்
நான் திறந்தது
சவேரியடிமை அண்ணனின் கண்ணீர் அஞ்சலி.
முகத்தை எண்ணூறு சதவீதம் பெருக்கினேன்;
திணறவில்லை.

ரெஜின் விளையாடக் கேட்காமல்
பக்கத்தில் நின்றான்.
"அண்ணனுக்கு மீசை இவ்வளவு நரைக்கல்ல,
கொஞ்சம் கறுப்பாக்கு."