அடிக்குழி

ஒஸ்ட்ராவாவில் நாலரைக்கே இருட்டிவிடும்.
டிராமில் என் கோட்டு
இன்னும் பிளாஸ்டிக் நாறும்.

ஜாடிகளுக்கு அடிப்பாகம் வரைகிறவன் நான்.
மற்றதைத் தொடக்கூடாது:
அதே உயரம், அதே தோள், அதே நீல மூடி,
லேபிளில் அதே அணில்,
அதே விலை.
கைக்குத் தெரியாமல்
கீழே மட்டும் உள்நோக்கி ஒரு குழி.
வெளியே குழி. உள்ளே, வெண்ணெய்க்கு அடியில், மேடு.
போன மார்ச்சில் ஒன்பது மில்லிமீட்டர்.
இந்த மார்ச்சில் பதினான்கு.

எனக்குப் படியளக்கிறவர்கள்
படியைக் குறைக்கவே படியளக்கிறார்கள்.
என் படியில் குறை வைத்ததில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர்வீட்டில் யர்மிலா கத்துகிறாள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்று வந்த கால்களோடு,
கதவைக்கூடச் சாத்தாமல்:
"ஞாயிறு வரை வந்த வேர்க்கடலை வெண்ணெய்
வியாழனே எப்படித் தீரும்?
ராத்திரி எழுந்து நக்குகிறாயா?"
வீத்தெக் இல்லை என்கிறான்.
ஒன்பது வயது. இல்லை, இல்லை என்று
காது சிவக்கிற வரை.

என் சாவி பூட்டுக்குள்ளேயே நின்றது.
ஒரு வாக்கியம் போதும், தெரியும்.
பால் காய்ச்சப் போய்விட்டேன்.
அலமாரியில் ஆறு அணில்கள்,
ஊழியர் விலையில்,
சிரித்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்,
கழுவிய ஜாடியைக் கவிழ்த்து வைத்து
குழிக்குள் கோலிக்குண்டை உருட்டிக்கொண்டு.
அது சுற்றிச் சுற்றி வந்து
நடுவில் அடங்கியது.
"எவ்வளவு அழகா உட்காருது பாருங்க.
இன்னும் கொஞ்சம் ஆழமிருந்தா
மேலே இன்னொண்ணும் நிற்கும்."

நிற்கும், என்றேன்.
மார்ச் வரை பொறு.