முதுகில் ஒட்டியது

சேர்க்கும்போது வசனம் கேட்கவில்லை அவர்கள்.
பஞ்சர் ஒட்டத் தெரியுமா என்றார் சாம்ராஜ்.
தெரியும் என்றேன்.
சாவி இல்லாமல் வண்டி கிளப்பவும் தெரியும் என்பதை
அன்றைக்குச் சொல்லவில்லை.

ஆறு வருடம் அதுதான் பிழைப்பு.
மூன்று தவணை தவறினால்
காரைக்குடி பைனான்ஸிலிருந்து சீட்டு வரும்:
பெயர், ஊர், வண்டி எண்.
பள்ளத்தூரில் கல்யாண மண்டப வாசல்,
புதுவயலில் அரிசி ஆலை வாசல்.
பந்தி முடிந்து வருகிறவன் வெற்றிலையோடு நிற்பான்
வண்டி நின்ற இடத்தைப் பார்த்தபடி.
ஒரு வண்டிக்கு எழுநூறு.
டேங்கில் இருக்கும் பெட்ரோலும்
பெட்டியில் கிடப்பதும் நமக்கு.

மொத்தம் ஏழு வண்டி. எம்மாவு வழி என்று பெயர்.
கருப்பு ஜாக்கெட்டின் முதுகில் வெள்ளைச் சிலுவை,
அடியில் ஒரு சக்கரம்.
செக்காலை டெய்லர் சக்கரத்தைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்துவிட்டதால்
டீக்கடையில் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள்.
புதியவனுக்கு ஒரு வருடம் முதுகு வெறுமைதான்.
கடைசி வண்டி அவனுக்கு,
டூல்ஸ் பெட்டியும் தண்ணீரும் அவன் பொறுப்பு.
தண்ணீருக்கு அலுமினியக் கேன் இரண்டு
என் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன்.

முன்னால் புல்லட்டில் ரெஜினா அக்கா,
தேவகோட்டை ஆஸ்பத்திரி நர்ஸ்.
கிளம்பும்முன் அவர் ஜெபம் ஒரே வரி:
ஆண்டவரே, பிரேக் பிடிக்கட்டும், ஆமென்.

தை மாதம். பழனிக்கு நடக்கிற கூட்டம்
குன்றக்குடி தாண்டினால் இருட்டில் கரைந்துவிடும்.
நமக்கென்ன அவங்க வழியில் என்றான் பெனடிக்ட்.
லாரிக்காரன் கண்ணுக்கு மனுசன் தெரியணும், அவ்வளவுதான்
என்று சாம்ராஜ் ஒளிரும் பட்டைச் சுருளைப் பிரித்தார்.
கட்டு வெட்டும் கத்தரியால் அக்கா
சாண் சாணாக நறுக்கித் தந்தார்.

ஐயா, கொஞ்சம் திரும்புங்க.
அம்மா, ஒரு நிமிசம்.
சிலர் எங்கள் சிலுவையைப் பார்த்து விலகிப் போனார்கள்.
ஒரு பெண் பட்டையை வாங்கி
டார்ச் வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்தாள்.
படம் ஏதும் இல்லை என்று தெரிந்ததும்
ரெண்டா ஒட்டுப்பா என்றாள்.

அப்புறம் அவர் வந்தார், தண்ணீர் கேட்டு.
கண்டனூர் சாத்தையா.
அந்த முகம் எனக்குக் கண்ணாடியில்தான் பழக்கம்:
ஊருணி வளைவு வரை ஓடிவந்து
ஓடிவந்து
சின்னதாகிப்போன முகம்.
எக்ஸெல்லில் பால் அப்போதும் தளும்பிக்கொண்டிருந்தது.

குடித்தார். முகம் கழுவினார்.
கேனின் வயிற்றை ஒருமுறை தடவினார்.
இந்த நசுங்கல் எங்க மாடு மிதிச்சது என்றார்.

பின்னால் யாரோ அரோகரா என்றார்கள்,
கூட்டம் முழுக்க அதைச் சொல்லி முடிக்கும்வரை
நாங்கள் இருவரும் பேசவில்லை.

வண்டி எவ்வளவுக்குப் போச்சு?
ஏலத்துல ஒன்பதாயிரம்.
பதினாலு தவணை கட்டியிருந்தேன் தம்பி.
தெரியும் என்றேன். எனக்குத் தெரியாது.
சீட்டில் அதெல்லாம் போட்டிருக்காது.

அவர் துண்டை எடுத்துவிட்டுத்
திரும்பி நின்றார்.
ஒட்டு.

வியர்வையில் பட்டை பிடிக்கவில்லை.
என் சட்டையால் துடைத்துவிட்டு
பையின் வாரோடு சேர்த்து அழுத்தினேன்.
மூச்சு வாங்குவது கைக்குத் தெரிந்தது.
போய்விட்டார்.
ஹெட்லைட்டை அணைக்காமல் நின்றேன்;
நூறு பேர் நடுவிலும் அந்த ஒரு சாண் வெளிச்சம்
வளைவு வரை தெரிந்தது.
இந்த முறை ஓடாமல், நடந்துதான்.

சாம்ராஜிடம் அன்றிரவே சொன்னேன்.
ஜெபிப்போம் என்பார் என்று நினைத்தேன்.
கேனைக் கொடுத்துட்டு வா, வேற வாங்கிக்கலாம் என்றார்.

புதன்கிழமை கண்டனூர்.
அவர் பழனியிலிருந்து திரும்பியிருக்கவில்லை.
மனைவி இரண்டு கேனையும் வாங்கி,
மூடி திறந்து முகர்ந்து பார்த்தாள்.
ஜாக்கெட்டை ஒரு தடவை, என்னை ஒரு தடவை.

புளி போட்டுத்தான் தேய்க்கணும் என்று
உள்ளே போனாள்.
கதவைச் சாத்தவும் இல்லை,
வா என்று சொல்லவும் இல்லை.