மஞ்சள் சேர்க்காத கறி

வேலைநிறுத்தத்தின் பதினொன்றாம் நாள்.
ரூபே நகரில் மழை.
தண்டவாளங்கள் சும்மா கிடந்து பளபளக்கின்றன.

இறைச்சிக்கடைக்காரர்
எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார்.
காசைப் பற்றிக் கேட்கவில்லை.
நேரம்தான் நிறைய என்றேன்.
அப்படியானால் தோள் என்று வெட்டினார்,
நடுவே வெள்ளை நரம்பு ஓடுகிற
மலிவான தோள், ஒன்றரைக் கிலோ.

என் வீட்டில் மாட்டுக்கறி என்றால் குக்கர்.
இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே ஐந்து விசில்.
பியரில் வேகிற கறிக்கு அது ஆகாது,
வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும்,
தூக்கினால் மணிக்கட்டு முனக வேண்டும்.
இங்கே இருப்பது மார்லேனுடைய சட்டி.
போன டிசம்பரில் இரவல் வாங்கியது.
மூடி விளிம்பில் எனாமல் பெயர்ந்திருக்கிறதே,
அது அவள் கைதவறியது. நானில்லை.

துண்டுகளை ஒற்றி ஈரம் எடுத்தேன்.
நெருக்கி அடுக்கினால் வேகும், சிவக்காது.
நான்கு நான்காக
வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருக்கையில்
கை தானாக மேல்தட்டுக்குப் போயிற்று.
கறி என்றால் முதலில் மஞ்சள்.
கழுவும்போதே மஞ்சள்.
டப்பாவைத் தொட்ட விரல்
அங்கேயே நின்றது.

இந்த ஊர் மொழியில்
வேலைநிறுத்தத்தை முறித்து
உள்ளே போகிறவருக்குப் பெயர்
மஞ்சள்.

ஒன்பதாம் நாள், இன்னும் விடியவில்லை,
பணிமனை வாசலில் தகர டிரம்மில்
பலகைகள் எரித்துக் குளிர்காய்ந்தோம்.
எங்களைத் தாண்டி
மார்லேன் தன் டிராமை வெளியே எடுத்தாள்.
எல்லோரும் கத்தினார்கள்.
புதுச்சட்டையின் கழுத்தோரம்
அம்மா தொட்டு வைக்கிற ஒன்றை
நானும் கல்லாக எடுத்து வீசினேன்.
அவளுக்கு இரண்டு மாத வாடகை பாக்கி.
தெரியும்.
கத்தும்போதும் தெரியும்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
மழையே இல்லாத அந்த நேரத்தில்
கண்ணாடி துடைப்பானை மட்டும் போட்டுவிட்டாள்.

ஆறு வெங்காயம்.
அவசரப்பட்டால் கருகும்,
அதனால் அவசரப்படவில்லை.
ஒரு கரண்டி மாவு, கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை,
பிறகு கறுப்பு பியர் இரண்டு போத்தல்.
சட்டி சீறியது.
நுரை விளிம்புவரை ஏறி மிரட்டி அடங்கியது.
அடியில் பிடித்திருந்ததெல்லாம் மெல்ல விட்டது.
போத்தலின் மிச்சத்தை நான் குடித்தேன்.
பிரிஞ்சி இலை, தைம்.
மேலே தேன்ரொட்டித் துண்டுகள்,
கடுகு விழுது பூசிய முகம் கீழே பார்க்க.
மூடினேன். இனி
இருக்கிறதா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டிய தீ.

முதல் மணி நேரத்தில் ஜன்னல் வேர்த்தது.
நாளைக்குப் பேச்சுவார்த்தை என்று
தொழிற்சங்கத்திலிருந்து குறுஞ்செய்தி.
நேற்றும் நாளைக்கு என்றார்கள்.
இரண்டாவதில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன்,
பல்லை எதிர்த்தது, குழம்பு கசந்தது.
இன்னும் சர்க்கரை போட்டேன்.
கடைக்காரரைக் கொஞ்சம் திட்டினேன்.
மூன்றாவது எப்போது முடிந்தது என்று தெரியவில்லை,
நாற்காலியில் தூங்கியிருக்கிறேன்.
விழித்தபோது மாடிப்படிவரை வாசனை.
முள்கரண்டி வைத்த இடத்தில்
இறைச்சி பிரிந்து கொடுத்தது.
தேன்ரொட்டியைக் காணோம்,
குழம்பாகிவிட்டிருந்தது.

ஆக்கப் பொறுத்தவளுக்கு
ஆறப் பொறுக்காதா என்பார்கள்.
ஆக்குவது வந்துவிட்டது.
மற்றது இன்னும் கைவரவில்லை.
நின்றபடியே மூன்று கரண்டி தின்று
நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

சட்டியில் இன்னும் ஏழு பேருக்கு இருக்கிறது.
இந்தக் கறி மறுநாள்தான் ருசி என்றாராம்
கடைக்காரரின் மனைவி.
சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கழுவிக் கொடுப்பதா, இப்படியே கொடுப்பதா?

மார்லேன் வீடு ஐந்து நிறுத்தம் தள்ளி.
நடக்கலாம், இந்தக் கனத்தோடு, மழையில்.
இல்லையென்றால் நிறுத்தத்தில் போய் நிற்கலாம்.
டிராம் வராது.
வந்தால்
ஓட்டிக்கொண்டு வருவது அவளாகத்தான் இருக்கும்.