இடப்பக்கம் அருவி

காலை ஏழரைக்குக் கப்பல் நின்றுவிட்டதாக
ஒலிபெருக்கி சொன்னது.
நம்பத்தான் வேண்டியிருந்தது.
கயிறு சுற்றும் மஞ்சள் இரும்புக்கட்டை ஒன்று,
அதன்மேல் ஒரு கடற்பறவை,
அப்பால் பரோயே தீவுகள் இருக்கவேண்டிய இடத்தில்
எழுதாத தாள்.

ஆறு மணி நேரம், அறுபத்தெட்டு யூரோ.
பச்சை ஸ்டிக்கர்காரர்கள் நான்காம் எண் பேருந்துக்கு.
வழிகாட்டியின் பெயர் ஸ்டெயின்வோர்.
பள்ளி நாட்களில் கணக்கு டீச்சர்,
கப்பல் நாட்களில் இது.
மைக்கை இரண்டு தட்டுத் தட்டி
"வலப்பக்கம் பாருங்கள், எண்ணூறு மீட்டர் மலை" என்றாள்.

பார்த்தோம்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக்
கேள்விப்பட்டிருக்கிறேன்.
முழு மலையை மறைத்த சோற்றை
அன்றுதான் கண்டேன்.

"இந்தச் சரிவில் ஒரு கிராமம். பதினொரு பேர்.
போன மாதம் பன்னிரண்டு."
ஏன் குறைந்தது என்று அவள் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலிக்கம்பி மட்டும்
கூடவே ஓடிவந்தது.

பிறகு சுரங்கப்பாதை.
ஒரே ஒரு வண்டி போகும் அகலம்.
எதிரே விளக்கு தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ள
பாறையில் குடைந்த இடுக்குகள்.
உள்ளே மூடுபனி இல்லை.
நீர் கசியும் கருஞ்சுவர், அதில் துளைபோட்ட தழும்புகள்,
எவரோ தவறவிட்ட சிவப்புக் கையுறை
எல்லாம் பளிச்சென்று.
காசு கொடுத்ததற்கு உருப்படியாகத் தெரிந்த முதல் காட்சி.
ஆளாளுக்குக் கேமராவை எடுத்தோம்.

வெளியே வந்ததும் மறுபடி வெள்ளை.
"இடப்பக்கம் அருவி" என்றாள்.
ரோட்டர்டாமிலிருந்து வந்திருந்த பல் மருத்துவர்,
முப்பது வருஷம் மற்றவர் வாயைத் திறக்கச் சொன்னவர்,
தன் வாயைத் திறந்தார்:
"இருக்கிறதென்று எப்படி நம்புவது?"

எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது.
ஸ்டெயின்வோர் கோபப்படவில்லை.
ஓட்டுநர் ஹயினியின் தோளைத் தொட்டாள்.
அவன் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான்.
கதவு திறந்தது.
நாற்பத்தொரு பேர் இருமலை அடக்கிக்கொண்டோம்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓர் ஆடு.
பிறகு, ஆட்டுக்கும் பின்னால், மேலே எங்கோ,
பெரிய துணியொன்றை
நிறுத்தாமல் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவர் காதுக்கருவியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.

தேவாலயக் கூடத்தில் காபி, ருபார்ப் ஜாம் வைத்த கேக்.
மேஜை நிறையக் கம்பளிக் காலுறைகள்.
மதுரை வெயிலுக்கு இது எதற்கென்று
விற்றவள் கேட்கவில்லை,
கால் அளவு மட்டும் கேட்டாள்.
நான்கு ஜோடி வாங்கினேன்.

துறைமுகம் நெருங்கும்போது
அச்சடித்த திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.
"அதோ, மேலே, என் வீடு. சிவப்புக் கதவு.
இன்று என் கணவர் அதற்குப் பச்சை அடிக்கிறார்.
வேண்டாமென்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."
அந்தப் பக்கமும் எல்லோரும் திரும்பினோம்,
மரியாதைக்கு.

ஐந்தரைக்குக் கப்பல் அசைந்தது.
ஒன்பதாம் தளத்தில் நான் நின்றிருந்தபோது
பனி விலகியது. நாலே நிமிஷம்.
இவ்வளவு பக்கத்திலா இருந்தது மலை!
கழுத்து வலிக்க அண்ணாந்தேன்.
புல் முளைத்த கூரைகள், ஈரச் சாலை,
பக்கத்தில் நின்றவளிடம் தொலைநோக்கியை இரவல் வாங்கி
வீடு வீடாகத் தேடினேன்.
மேல்பாதி பச்சை, கீழ்ப்பாதி சிவப்பு.
சாய்த்து வைத்த ஏணி. ஆளில்லை.
உள்ளே என்ன பேச்சு நடந்துகொண்டிருந்ததோ.

மருத்துவர் இரண்டு கையிலும் சூப் கிண்ணத்தோடு
மேலேறி வந்தபோது
மறுபடி எழுதாத தாள்.
"ஏதாவது தெரிந்ததா?"
"ஒரு கதவு" என்று கை நீட்டினேன்.
"பாதி பச்சை."

எப்படி நம்புவது என்று
இந்த முறை அவர் கேட்கவில்லை.
கேட்கும் காதை
அந்தப் பக்கம் திருப்பினார்.